சுமை

நிலக்கரிக்கு மேலே இருக்கும் எல்லாவற்றுக்கும்
கம்பெனிக் காகிதத்தில் ஒரே பெயர்தான்: சுமை.
ஓக் மரம் சுமை. பாறை சுமை.
மழைக்குப் பிறகு மட்டும் வாய் திறக்கும் ஓடை,
அதுவும் சுமை.
மண்ணில் ஒரு சாண் ஆழத்தில்
பச்சை பூத்துக் கிடக்கும் பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் பற்றி
காகிதத்தில் ஒன்றும் இல்லை.

மேற்கு வர்ஜீனியாவில், ஹார்னெட் முகட்டுக்கு
சனிக்கிழமைதோறும் ஏறுகிறாள் ரெவா ஸ்டம்போ.
மற்ற நாட்களில் ஒரு பல் மருத்துவரிடம் கணக்கெழுதுகிறவள்.
கையில் இரவல் வாங்கிய கருவி; உலோகத்தைக் கண்டால் கீச்சிடும்.
பெரும்பாலும் பீர் டப்பா, லாடம், ஆணி.
ஒருமுறை பல்செட்டின் கம்பி.
அதையும் நோட்டில் எழுதிவைத்தாள்.

ஆறு கூடுகள் ஒரே இடத்தில் கிடந்தால்
ஒருவன் அங்கே வெகுநேரம் மண்டியிட்டிருக்கிறான்.
சரிவில் இறங்கிக்கொண்டே போனால்
பின்வாங்கியிருக்கிறான்.
சுடாத தோட்டா ஒன்று முழுசாகக் கிடைத்தால்
அதைப் பற்றி அவள் ஊகிப்பதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஐந்து நாள் நடந்தது அது.
கீழிருந்து சுரங்கத் தொழிலாளர்கள்,
மேலிருந்து கம்பெனி கூலி கொடுத்த துப்பாக்கிகள்.
ஹங்கேரியிலிருந்து வந்தவன், கலாப்ரியாவிலிருந்து வந்தவன்,
அலபாமாவின் பருத்திக் காட்டை விட்டு வந்த எல்கானா பிட்மன்.
ஒருவன் பாஷை ஒருவனுக்குத் தெரியாது.
கழுத்தில் கட்டிய சிவப்புக் கைக்குட்டைதான் பாஷை.
விழுந்தவர்களுக்கு யாரும் நடுகல் நடவில்லை.
மலையே போதும் என்று நினைத்திருப்பார்கள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று
ஆறுதல் சொல்லிக்கொள்ள இந்த மலைக்கு வழியில்லை.
வந்திருப்பது தலைக்கேதான்.
பக்கத்து முகட்டைப் பாருங்கள்:
போன வருடம்வரை மலை,
இன்று சாப்பிட்டுக் கழுவாத தட்டு.

ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு மஞ்சள் கொடி, ஒரு எண்.
இதுவரை அறுபத்து மூன்று.
அக்டோபரில் மாநில ஆய்வாளர்கள் வருவார்கள்.
அவர்கள் எண்ணுவது கொடிகளை.

தம்பி லோவெல் அதே கம்பெனியில் வெடி வைப்பவன்.
துளை, மருந்து, கம்பி, மூன்று முறை சங்கு.
வீட்டுக் கடன் அவன் கூலியில் அடைகிறது,
அக்காவின் கருவிக்கு பேட்டரியும் அதில்தான்.
முகட்டைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் பேசுவதில்லை என்று
யாரும் சொல்லாமலே ஒரு ஒப்பந்தம்.

ஆய்வாளர்கள் வரும் நாள் விடியற்காலை
டார்ச்சோடு ஏறினாள்.
போன மாதம் யாரோ பன்னிரண்டு கொடிகளைப் பிடுங்கியிருந்தார்கள்.
எண்ணினாள். சரியாக இருந்தது.
பிறகு வேலிக்கு உள்ளே,
அவளுக்கு அனுமதியில்லாத மேற்குச் சரிவில்,
இன்னும் ஏழு.

அவை மஞ்சள் இல்லை. கிழித்த சிவப்புத் துணி.
தாங்கி நின்றவை குச்சிகளும் இல்லை:
ஆரஞ்சும் வெள்ளையுமாய் முறுக்கிய மெல்லிய கம்பி,
டெட்டனேட்டருக்குப் போவது,
கடையில் கிடைக்காதது.
வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
பிறகு வேலி ஏறிக் குதித்து
கம்பிகளை ஒவ்வொன்றாய் உருவிப் பையில் போட்டுக்கொண்டு
அந்த இடத்தில் குச்சி நட்டாள்.
பாவாடை கிழிந்தது.

"இந்த ஏழையும் யார் கண்டெடுத்தது?"
"நான்தான்."
"வேலிக்குள் எப்படி வந்தாய்?"
கிழிசலைக் காட்டினாள்.
அத்துமீறி நுழைந்ததற்கு அபராதம் நூற்று எழுபது டாலர்,
கம்பெனி வக்கீல் அங்கேயே குறித்துக்கொண்டார்.
ஆய்வாளர் எழுபது என்று எழுதினார்.

இரவு லோவெல் உப்பைக் கேட்டான். கொடுத்தாள்.
கேட்காமலே மிளகையும் நகர்த்தினாள்.
அவன் நகக்கண்ணில் செம்மண்.

முடிவு இன்னும் வரவில்லை.
திங்கட்கிழமை பக்கத்து முகட்டில் மூன்று முறை சங்கு ஊதியது.
பல் மருத்துவரின் அலமாரியில்
சுண்ணாம்பில் வார்த்த பல்வரிசைகள் கிடுகிடுத்தன.
ரெவா பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தாள்,
அது அடங்கும்வரை.
பிறகு, யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லுக்கு
பாக்கி எவ்வளவு என்று
விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினாள்.